அம்மைன்னு வேப்பிலை கட்டின காய்ச்சல்

தச்சநல்லூர்ல என்னைப் பத்தி மூணு கதை ஓடிக்கிட்டிருக்கு. ஒரு கதையில எனக்கு அம்மை போட்டு இறங்கிட்டு. இன்னொண்ணுல பாவநாசத்துல ஏதோ விஷப்பூச்சி கடிச்சிட்டு. மூணாவது கதையில நான் செத்தே போயிட்டேன். போன வாரம் தைச்ச பிளவுஸை வாங்க வந்த அக்கா ஒருத்தி வாசல்லயே நின்னுக்கிட்டு, "ஆவுடை, நீ இருக்கியா?"ன்னு கேட்டா. இருக்கேன். உள்ளங்கைத் தோலு வெங்காயச் சருகா உரிஞ்சுக்கிட்டு, தையல் மிஷின் முன்னால நல்லா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஆளாளுக்குத் தனித்தனியாச் சொல்லி வாய் வலிக்கு. அதனால ஒரே தடவையா எழுதிருதேன். வெக்கமா இருந்தா ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

வீட்டு முன்னறையிலதான் என் கடை. பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். இவிய, அதான் என் வீட்டுக்காரவிய, மோட்டாருக்குக் காயில் கட்டுத கடை வச்சிருக்காவ. மாமனார் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவிய. மாமியாரை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். யாரை என்ன கேட்டாலும் பதில் அத்தைதான் சொல்லுவாவ, அதுதான் அவியளோட குணம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்கப்பா மாப்பிள்ளையைப் பாத்து என்ன படிச்சிருக்கீயன்னு கேட்டாரு, அதுக்கும் அத்தைதான் பதில். மாப்பிள்ளை அன்னைக்கு வாயைத் திறந்தது பஜ்ஜிக்கு மட்டுந்தான்.

இந்தக் கோடையில மாமாவோட அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பெங்களூர்ல வேலை பாக்குத கோமு லீவு போட்டு வந்திருந்தா. கோமு இவியளுக்குத் தங்கச்சி. மறுநாள் சொந்தக்காரங்க எல்லாரும் வேன் பிடிச்சு பாவநாசத்துக்குக் குளிக்கப் போறதா ஏற்பாடு. அன்னைக்குன்னு பாத்து நான் வீட்டுக்குத் தூரம். மாசவிலக்கை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். எங்க வீட்டுல ரொம்பக் கெடுபிடி கிடையாது. ஆனா சாமி ரூம் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது, எல்லாரும் குளிக்குத துறையில இறங்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற ஆத்துக் குளியல், அதுலயும் நான் வேனுக்குள்ள உக்காந்து மத்தவங்க துணிமணிக்குக் காவல் இருக்கணுமான்னு எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

கோமுகிட்டப் புலம்பினேன். அவ பையில இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தா. "மதினி, இதுக்குப் பேரு டேம்பான். இதை வச்சுக்கிட்டுத்தான் நான் நீச்சல் குளத்துக்கே போறேன்"னா. விரல் நீளத்துக்கு இறுக்கிச் சுருட்டின பஞ்சு, அடியில ஒரு நூலு. பேடு மாதிரி வெளிய வைக்கிறது இல்ல. பெண்ணுறுப்புக்குள்ள வச்சிட்டா ரத்தத்தை அங்கனயே உறிஞ்சிக்கிடும், எடுக்கும்போது நூலைப் பிடிச்சு இழுத்தா வந்துரும். கையை நல்லாக் கழுவணும், நூலு வெளிய இருக்கணும்னு வரிசையா சொல்லிக்கிட்டே வந்தா. எவ்வளவு நேரத்துக்குள்ள மாத்தணும்னு சொல்ல வாயெடுக்கவும் அத்தை அறைக்குள்ள வரவும் சரியா இருந்துச்சு. நான் டப்பாவை மடிச்ச சேலைக்குள்ள சொருகிட்டேன். கோமு சட்டுனு பேச்சை மாத்தி, கல்யாண வீட்டுச் சொதிக் குழம்பு பிரமாதம்னா. அத்தை அந்தச் சொதியில என்ன குறைன்னு சொல்ல ஆரம்பிச்சாவ. விட்ட பேச்சை நாங்க பெறகு தொடவே இல்ல.

பாவநாசத்துல நான் குளிச்ச குளியல் இருக்கே, இத்தனை பாடு பட்ட பெறகும் அதை நெனச்சா வாயெல்லாம் பல்லாப் போகுது. தண்ணி அப்படிக் குளுந்து கிடந்துச்சு. காலைச் சுத்தி மீனு மொய்க்கு. விரல் நுனி சுருங்குத வரைக்கும் முங்கினேன். அத்தை படியில உக்காந்து, யாரு எங்கன இறங்கணும், எங்கன வழுக்கும்னு துறைக்கே அதிகாரம் பண்ணிக்கிட்டிருந்தாவ. கோயிலுக்குப் போகும்போது மட்டும், செருப்பை நான் பாத்துக்கிடுதேன்னு வெளியவே நின்னுட்டேன். என்ன பொறுப்பான மருமகள்னு அத்தை நாலு பேருகிட்டச் சொன்னாவ. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்தா எள்ளு போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம். அத்தனை பேருக்கும் இருக்கிறது ஒரே பாத்ரூம். உள்ள போய் ரெண்டு நிமிஷம் ஆகலை, கதவைத் தட்டுதாவ. அடிக்கடி மாத்த வழியில்லைன்னு, ஆத்துக்கு வச்சதை எடுத்துட்டு, அந்த டப்பாவுலயே பெருசு எதுவோ அதைப் பாத்து வச்சேன். பெரிய பேடு ரொம்ப நேரம் தாங்கும்லா, இதுவும் அப்படித்தான்னு என் கணக்கு. டப்பாவுக்குள்ள பொடி எழுத்துல இங்கிலீஷ் தாளு ஒண்ணு இருந்துச்சு. அதை எங்க படிச்சேன்? மறுநாள் போக்கு நின்ன மாதிரி ஆயிட்டு. ஊருக்குக் கிளம்புதவங்களுக்கு இட்லி அவிக்கிறதும் பொட்டலம் கட்டுறதுமா ஓடினேன். அதுக்கு மறுநாளும் அதே ஓட்டம். கோமுவும் பெங்களூருக்கு ரயிலேறிட்டா. உள்ள வச்ச பொருளை நான் சுத்தமா மறந்துட்டேன்.

காய்ச்சல் திடுதிப்புனு வந்துச்சு. காலையில கோலம் போட்டவ, மத்தியானம் போர்வைக்குள்ள நடுங்குதேன். வாந்தி, வயித்தாலப் போக்கு. தொடையும் முதுகும் உலக்கையால இடிச்ச மாதிரி வலி. சாயந்தரம் பாத்தா நெஞ்சு, வயிறு, கை எல்லாம் நாள் முழுக்க வெயில்ல கிடந்தவ மாதிரி செவந்து போச்சு, கண்ணும் செவப்பு. அத்தை என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. பெறகு ரெண்டடி பின்னால போய், கன்னத்துல போட்டுக்கிட்டு, "ஆத்தா வந்திருக்கா. மணல்வாரி"ன்னாவ. அம்மைன்னு முடிவாயிட்டு.

அம்மைன்னா எங்க பக்கத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியும். நிலையில வேப்பிலை, படுக்கையில வேப்பிலை. வீட்டுல தாளிக்கக் கூடாது. ஆத்தா தானா வந்தவ, தானாப் போவா, ஊசி மருந்துன்னு போனா கோவிச்சுக்கிடுவா. இன்னொரு சட்டமும் இருக்கு, அம்மை போட்ட வீட்டுல தூரமா இருக்கிறவ நிழல்கூடப் படக் கூடாது. நான் வேப்பிலை மேல கிடந்து யோசிக்கேன். இங்க ஆத்தா இறங்கியிருக்கிறதே தூரக் கணக்கு இன்னும் முடியாதவ மேல. இதுக்கு என்ன சட்டம், யாரு யாரை விட்டு ஒதுங்கணும்? காய்ச்சல்லயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அத்தைகிட்ட அதைச் சொல்ல மட்டும் வாய் வரலை. அவிய என் தலைமாட்டுல பக்தியோட உக்காந்து விசிறிக்கிட்டிருக்காவ. ஆத்துல தீட்டோட இறங்கினதும் தெரிஞ்சுபோகும். அம்மை இறங்கட்டும், பெறகு பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்.

மறுநாள் பாத்ரூம் போக எந்திரிச்சவ அப்படியே சாஞ்சிட்டேன். கண்ணு முழிச்சா இவிய மடியில கிடக்கேன். உள்ளங்கால் ஐஸா இருக்குன்னு இவிய சொல்லுதாவ, அத்தை எளநி எளநிங்காவ. அன்னைக்குத்தான் இவிய பஜ்ஜிக்கு இல்லாம வேற ஒண்ணுக்கு வாயைத் திறந்தாவ. "ஆத்தா கோவிச்சாக் கோவிச்சுக்கிடட்டும்மா. இவளை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்." அத்தை ஒரு நிமிஷம் மகனையே பாத்தாவ. பெறகு சேலையைச் சொருகிக்கிட்டு எங்களுக்கு முன்னாலயே போய் ஆட்டோவுல உக்காந்துட்டாவ.

வண்ணாரப்பேட்டையில ஒரு ஆஸ்பத்திரி. நாற்காலி நாற்காலியாக் காத்துக் கிடக்க வேண்டி வரும்னு நெனச்சோம். ஆனா பிரஷர் பாத்த சிஸ்டர் திரும்ப ஒருக்கா பாத்துட்டு, என்னைக் கட்டிலோட உள்ள தள்ளிக்கிட்டு ஓடிட்டாவ. ரத்த அழுத்தம் அவ்வளவு கீழ போயிருந்துச்சு. ரெண்டு கையிலயும் ட்ரிப்ஸ் ஏறுது. டெங்குவா, ஆத்துல குளிச்சதால எலிக்காய்ச்சலான்னு குப்பி குப்பியா ரத்தம் எடுக்காவ. டாக்டரம்மா சின்ன வயசு, என்னைவிட இளசு. செவப்பை விரலால அமுக்கிப் பாத்து, இது அம்மை மாதிரி தெரியலையேன்னாவ. பெறகு எங்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டாவ. சர்க்கரை உண்டா, புண்ணு ஏதும் இருக்கா, என்ன சாப்பிட்ட. எல்லாத்துக்கும் அத்தை பதில் சொல்லுதாவ. கடைசியா பீரியட்ஸ் எப்போன்னு கேட்டாவ. அது பத்து நாளைக்கு முன்னாலயே முடிஞ்சிட்டே, பாவநாசத்துல எல்லாரோடவும் முங்கிக் குளிச்சாளேன்னு அத்தை சத்தியம் பண்ணாத குறை.

டாக்டரம்மா குறிச்சுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் போனாவ. எனக்கு அப்பத்தான் பளிச்சுனு உறைச்சுது. வச்சது ஞாபகம் இருக்கு, எடுத்தது ஞாபகம் இல்ல. கட்டிலைச் சுத்தி அத்தை, மாமா, இவிய.  இப்பச் சொல்லாட்டி இந்தக் கட்டில்லயே போயிருவேன்னு உள்ள ஒரு பயம், சொல்லிட்டா இவிய மொகத்துல எப்படி முழிப்பேன்னு இன்னொரு பயம். ரெண்டும் ஒரே அளவுக்கு இருந்துச்சு, அதை நெனச்சாத்தான் இப்ப எனக்கு வயித்தெரிச்சல்.

"அத்தை சொன்னது தப்பு டாக்டர்"னேன். "பாவநாசம் போன அன்னைக்கு நான் தூரம். உள்ள ஒரு டேம்பான் வச்சேன். இன்னும் எடுக்கலை."

மாமா விட்டத்தைப் பாத்தாவ. டாக்டரம்மா ஒரு வார்த்தை ஏசலை. எப்ப வச்சதுன்னு மட்டும் கேட்டுட்டு, திரையை இழுத்து எல்லாரையும் வெளிய போகச் சொன்னாவ. மாமாவும் இவியளும் போயிட்டாவ. அத்தை நகரலை. சிஸ்டர் கூப்பிட்டும் நகரலை. எடுத்து முடியுத வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. அந்த நாத்தத்தை நான் எழுதலை, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். அத்தை மூக்கைக்கூடப் பொத்தலை.

டாக்டரம்மா பெறகு எனக்குப் புரியுத மாதிரி விளக்கினாவ. இதுக்குப் பேரு டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம். நம்ம தோலுலயும் மூக்குலயும், சில பேருக்கு அந்த உறுப்புலயும், ஒரு வகைக் கிருமி சும்மா கிடக்கும். ரத்தத்துல ஊறின பஞ்சு நேரங்காலம் இல்லாம உள்ளயே கிடந்தா, அது பெருகி ஒரு விஷத்தை விடும். அந்த விஷம் ரத்தத்துல கலந்தா ரத்த அழுத்தம் சரிஞ்சு, சிறுநீரகம், ஈரல் எல்லாம் அடி வாங்கும். ரொம்ப அபூர்வமாத்தான் வருமாம், ஆனா வந்தா வேகமா ஆளைச் சாய்ச்சிரும். வீட்டுல இன்னும் கொஞ்சம் கிடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இவிய கேட்டதுக்கு, டாக்டரம்மா பதில் சொல்லாம, நல்லவேளை கொண்டு வந்தீங்கன்னாவ. இவிய வெளிய போய் சுவத்தைப் பாத்துக்கிட்டு அழுதாவளாம், மாமா சொன்னாவ.

ஐ.சி.யு.வுல லைட்டு அணையவே அணையாது. ஆன்டிபயாடிக், பிரஷரைத் தூக்குத மருந்து, மூக்குல ஆக்ஸிஜன். பக்கத்துல மிஷின் சத்தம் போட்டாப் போதும், போச்சு நம்ம கதைன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிடுவேன். அங்கன இருந்த சிஸ்டர் காயல்பட்டினத்துக்காரி. நான் பயப்படுதது தெரிஞ்சு, அது வயர் ஆடினா அடிக்கிற மணி, உனக்கு இல்லன்னு சிரிப்பா. ஒன்னுக்குப் போற அளவு கூடக் கூட, சிறுநீரகம் முழிச்சிட்டுன்னு வந்து சந்தோஷமாச் சொல்லுவா. ஒரு மனுஷி ஒன்னுக்குப் போனதுக்கு இத்தனை பேரு சந்தோஷப்பட்டதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. பில்லு பயமுறுத்தத்தான் செஞ்சுது. காப்பீட்டு அட்டையும் இவியளும் சேந்து அதைப் பாத்துக்கிட்டாவ, என் காதுக்கு வர விடலை.

வார்டுக்கு மாத்தினதும் மாமா ஒரு துணிப்பையோட வந்தாவ. நான் முகூர்த்தத்துக்கு ஒத்துக்கிட்ட பிளவுஸுங்க எல்லாம் கொக்கி வைக்காமக் கிடந்துச்சுல்லா, சொன்ன தேதி தவறக் கூடாதுன்னு, மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஐ.சி.யு. வாசல்ல உக்காந்தே அத்தனைக்கும் கொக்கி தைச்சிருக்காவ. எடுத்துப் பாத்தேன். ஒண்ணுவிடாம எல்லாம் எதிர்ப்பக்கத்துல. முகத்தை மாத்தாம, நல்லாருக்கு மாமான்னேன். அடுத்த வாரம் அத்தனையையும் பிரிச்சுத் தைச்சேன். அதுக்காக நான் ஒரு நாள்கூட அலுத்துக்கிடலை.

அத்தை மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. இட்லியை ஊட்டுதாவ, தலையைச் சீவுதாவ, கால் பிடிச்சு விடுதாவ, ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்குப் பொறுக்கலை. ஆத்துல இறங்கினது தப்புதான் அத்தை, ஏசணும்னா ஏசிருங்கன்னேன். அவிய கிண்ணத்தைக் கீழ வச்சாவ.

"எதுக்குட்டி எங்கிட்டச் சொல்லலை?"

"பயந்தான்."

அத்தை வார்டை ஒரு சுத்துப் பாத்துட்டு, என் காதுகிட்டக் குனிஞ்சாவ. "உன் கல்யாணத்தன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஆரத்தி எடுத்தது யாரு? நான். அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்."

 முந்தின நாள் விடியக்காலமே வந்துட்டாம். மகன் கல்யாணத்துல ஒதுங்கி உக்கார மனசு வருமா, ஒருத்திகிட்டயும் மூச்சு விடலையாம். உங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வரைக்கும் என்ன குறை வந்துட்டுன்னு வேற எங்கிட்டக் கேக்காவ. எனக்கு முதல்ல தோள்பட்டை குலுங்குச்சு, பெறகு ட்ரிப்ஸ் ஸ்டாண்டே குலுங்குச்சு. அத்தை வாயில சேலையை அடைச்சுக்கிட்டுச் சிரிக்காவ. சிஸ்டர் ஓடி வந்து என்ன வலின்னு கேக்கா. சிரிப்பு அடங்கினதும் ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு. அது வேற தண்ணி.

இப்ப என் கடைக்கு யாரு வந்தாலும், இஞ்ச் டேப்பை மார்ல சுத்தி வச்சுக்கிட்டே விஷயத்தைச் சொல்லிருவேன், ஓட முடியாதுல்லா. டேம்பான் ஒண்ணும் விஷம் இல்ல, எத்தனையோ பேரு நல்லபடியா வைக்காவ. கையைக் கழுவிட்டு வைக்கணும். நாலு மணியில இருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள கட்டாயம் மாத்தணும், போனுல அலாரம் வைக்கணும். பெருசாப் பாத்து வாங்காம, போக்குக்கு எது போதுமோ அதுல சின்னதை வைக்கணும். போக்கு இல்லாத நாளுல வைக்கவே கூடாது. தூங்கப் போகும்போது பேடு போதும். கடைசி நாளன்னைக்கு, எடுத்தாச்சான்னு நமக்கு நாமே கேட்டுக்கிடணும். ரத்தத்தைப் பிடிக்க உள்ள வைக்கிற ரப்பர் கப்புலயும் அபூர்வமா இது வரலாமாம், அதையும் சொன்ன நேரத்துல எடுத்துக் கழுவணும். வெட்டுக்காயம், தீக்காயம் வழியா ஆம்பளைக்கும் பிள்ளைக்கும்கூட வருமாம். இதை வச்சிருக்கும்போது காய்ச்சல், வாந்தி, தலைசுத்து, செவப்பு வந்தா, உடனே எடுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஓடினாப் போதாது, போய் வாயைத் திறந்து சொல்லணும். ஒரு தடவை வந்தவளுக்குத் திரும்ப வரலாம்கிறதால, இனி எனக்கு டேம்பான் வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. என் உள்ளங்கைத் தோலு உரியுததும் இந்த நோயோட மிச்சந்தானாம்.

இந்த மாசம் எனக்கு வந்த அன்னைக்கு, நான் நேரா நடு ஹாலுக்குப் போய், "அத்தை, நான் இன்னைக்குத் தூரம்"னேன். மாமா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாவ, இவிய சோறு தின்னுக்கிட்டிருந்தாவ. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை. சரிட்டி, இடுப்பு வலிச்சா உளுந்தங்களி கிண்டட்டுமான்னு கேட்டுக்கிட்டே அத்தை அடுக்களைக்குப் போனாவ. நானும் பின்னாலயே போனேன். உளுந்தைக் களைஞ்சுக்கிட்டே, யாருக்கோ சொல்லுத மாதிரி சொன்னாவ.

"எனக்கு நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுட்டி. உடம்பெல்லாம் தீயா எரிஞ்சுது, தூக்கம் இல்ல. யார்கிட்டயும் சொல்லலை. யாரும் கேக்கவும் இல்ல."

ஊருக்கே பதில் சொல்லுத பொம்பளை. அவியகிட்ட இந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலை, ஒரே அடுக்களையில நிக்கிற நானும் கேக்கலை.  வயசுக்கு வந்தா பந்தல் போட்டு மைக்செட்டு கட்டுதோம், அது முடிஞ்சு நிக்குதவளுக்கு ஒண்ணுமே கிடையாதான்னு கேட்டேன். என்னட்டி செய்யச் சொல்லுதன்னு அத்தை கேட்டாவ. உளுந்து ஊறட்டும், நீங்க உக்காருங்கன்னு மனைப்பலகையை எடுத்துப் போட்டேன். முந்திரியை நெய்யில வறுத்து, சேமியாவைப் போட்டு, பாலை ஊத்தி ஒரு பாயசம் வச்சேன். தூரமா இருக்கிறவ கையால வச்ச பாயசம். அத்தை பக்கத்துல இருந்து சீனி காணாது, சீனி காணாதுன்னாவ.

ஹாலுல தம்ளரைக் கொண்டு போய் வைக்கவும், மாமா பேப்பரை மடிச்சிட்டு என்னைப் பாத்தாவ.

"என்னம்மா விசேஷம்?"

 அத்தையைப் பாத்தேன். அத்தை முந்தானையில கையைத் துடைச்சாவ, தொண்டையைச் செருமினாவ, பெறகு மாமா முகத்தைப் பாத்துச் சொல்லிட்டாவ. நின்னு போனதை, எரிஞ்சதை, தூக்கம் வராமக் கிடந்ததை, எல்லாத்தையும்.

மாமா தம்ளரைக் கீழ வச்சாவ. பெறகு எந்திரிச்சுப் போய் ஃபேனைத் தூக்கிக்கிட்டு வந்து, அத்தை பக்கம் திருப்பி வச்சாவ.